சில்லருக்கு ஒரு சட்டை

தேவகிருபையம்மாவைப் பற்றி வருகிற கடிதங்களைப் படித்தால் பாவமாக இருக்கிறது. எனக்கு இல்லை, அவருக்கு. "அந்த மாமியாரைத் திருத்தவே மாட்டீர்களா?" என்று கேட்கிறீர்கள். ஊரையே ஊசி போட்டுத் திருத்திய மனுஷியைத் திருத்த நான் யார்? அவர் தானாகத் திருந்திக்கொண்டுதான் இருக்கிறார். நாம் குறுக்கே போகாமல் இருந்தால் போதும்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடி வீடு. தேவகிருபை, ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் ரெனால்ட், ஆம்பூரில் ஒரு தோல் ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறான். ஆறு மாதத்துக்கு முன் அவன் கட்டிக்கொண்டு வந்தவள் கரோலின். ஆம்பூர்க் கத்தோலிக்கக் குடும்பம், காட்பாடியில் பள்ளிக்கூடத்து ஃபிசிக்ஸ் டீச்சர். அவளுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் கணவன் ஜோஸ் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தவன்.

ஜோஸ் ஆசை ஆசையாக வளர்த்தது ஒரு கடல்மீன் தொட்டி. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் ஜோஸின் அம்மாவே அதை வேனில் ஏற்றி அனுப்பினார். தான் மட்டும் வரவில்லை. தொட்டி ஹாலில் இறங்கியபோது தேவகிருபை சமையற்கட்டில் நின்று மகனிடம் சொன்னார்: "செத்தவன் வெச்ச தொட்டி வாழற வூட்டுக்கு எதுக்குடா?"

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கரோலின் காதில் விழுந்துவிட்டது. அது விழுந்தது தேவகிருபைக்கும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் நோயாளி பார்க்க வந்தவர்களைப் போலப் பேசிக்கொண்டார்கள். "சாப்டியாம்மா?" "சாப்டேன் அத்தை." அவ்வளவுதான்.

வாயால் கொடுத்ததை வாயால் திரும்ப வாங்க தேவகிருபைக்கு வராது. கைதான் பேசும். அந்த வீட்டில் எதற்குக் குரோஷா பின்னல் உறை இல்லை? டிவிக்கு உண்டு, ஃப்ரிட்ஜுக்கு உண்டு, மிக்ஸிக்கு உண்டு, ஓய்வு பெற்றபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த கடிகாரத்துக்குக்கூட உண்டு. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி மட்டும் மொட்டையாக நின்றது. தொட்டித் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிற மெஷின், சில்லர் என்று பேர். மிஷன் ஸ்கூலில் கற்ற கையால் அதற்கு வெள்ளை நூலில் ஒரு உறை பின்னினார். ஓரத்தில் பூ வைத்து, பின்னால் கட்ட நாடாவும் வைத்தார்.

இரண்டு வாரம் முன்பு அதைப் போட்டு விட்டபோது கரோலின் பெட்டியின் பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "ரொம்ப அழகா இருக்கு அத்தை" என்றாள். அந்த வீட்டில் அவள் பல் தெரியச் சிரித்தது அதுதான் முதல் தடவை. தேவகிருபை அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினார்.

போன வாரம் இங்கேதான் விட்டோம். இனி இந்த ஞாயிற்றுக்கிழமை.

கத்திரி வெயில். விடிந்ததுமே ஃபேன் காற்று சுட ஆரம்பித்துவிட்டது. ரெனால்டும் கரோலினும் இருட்டோடு பைக்கில் ஆம்பூர் கிளம்பினார்கள். மெஷின் ஓடாத நாளில்தான் மெயின்டனன்ஸ்காரனுக்கு வேலை, அதனால் அவனுக்கு ஞாயிறு லீவு கிடையாது. கரோலினுக்கு அண்ணன் மகளின் புதுநன்மை விழா, பிள்ளை முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். தேவகிருபையையும் கூப்பிட்டிருந்தார்கள். முட்டி வலி என்று சொல்லிவிட்டார். முட்டி நன்றாகத்தான் இருந்தது. அங்கே ஜோஸ் வீட்டு ஆட்கள் வருவார்கள் என்ற யோசனைதான் வலித்தது.

அவர்கள் போன பிறகு ஹாலைப் பெருக்கினார். சில்லர் உறை பின்பக்கம் சுருண்டு மேலேறியிருந்தது. நேற்றும் அப்படித்தான் இருந்தது, முந்தாநாளும் அப்படித்தான். "நாடாவைக் கட்டாம விட்டா இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே இழுத்துவிட்டு, நாடாவை இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டார். சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். திருப்தியாக இருந்தது. கோயிலுக்குப் போனார்.

ஆராதனை முடிந்து, நாலு பேரிடம் நின்று பேசிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் ஏதோ குறைந்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். சத்தம். எந்நேரமும் ஹாலில் உறுமிக்கொண்டிருக்கிற அந்தப் பெட்டியின் சத்தம் இல்லை.

பிளாஸ்டிக் சூடேறிய வாடை அடித்தது. ஓடிப் போய் உறையின் மேல் கை வைத்தார். இஸ்திரி போட்ட துணியாகச் சுட்டது. முடிச்சு அவிழவில்லை. தானே போட்ட முடிச்சு, இரண்டு முடிச்சு. பல்லால் கடித்து இழுத்தார். உறையை உருவியதும் உள்ளே அடைந்திருந்த அனல் முகத்தில் அடித்தது.

தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தெர்மாமீட்டர் முப்பத்திரண்டு காட்டியது. இருபத்தாறுக்கு மேல் போனால் தாங்காது என்று கரோலின் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். ஜோஸ் விட்டுப்போன, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நீல மீன் ஒன்று உண்டு. அது அடியில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. அசையவில்லை.

தேவகிருபைக்குச் சட்டென்று எல்லாம் புரிந்தது. உறைதான். பெட்டி மூச்சு விட வழியில்லாமல் அடைத்தது தன் கைவேலைதான்.

உடனே என்ன செய்தார் தெரியுமா? உறையைச் சுருட்டிக்கொண்டு போய் பீரோவில் புடவைகளுக்கு அடியில் திணித்தார். ஏதேன் தோட்டத்தில் ஒளிந்துகொண்டவர்களின் கதையை வருஷா வருஷம் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குச் சொன்னவர் அவர். அதெல்லாம் அப்போது ஞாபகத்தில் இல்லை.

மீன் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. கரோலின் என்ன நினைப்பாள்? தொட்டி வேண்டாம் என்று சொன்னவள், சிரித்துக்கொண்டே ஒரு உறையைப் போட்டு மூடி, யாரும் இல்லாத நாளில் கதையை முடித்துவிட்டாள் என்றுதானே நினைப்பாள்? வேறு எப்படி நினைக்க முடியும்? "வேணும்னே பண்ணல" என்று சொன்னால் எந்த மருமகள் நம்புவாள்? இந்த இரண்டு மீனும் போனால் அந்தப் பெண் இந்த வீட்டில் இருப்பாள், ஆனால் இந்த வீட்டுப் பெண்ணாக ஒருநாளும் ஆகமாட்டாள்.

பீரோவைச் சாத்திவிட்டு நிமிர்ந்தபோது பழைய வார்டு சிஸ்டர் வந்துவிட்டார். நல்லவேளை.

"முப்பத்தஞ்சு வருஷம் ஜுரம் பாத்தவடி நான்" என்றார் மீன்களிடம். முதலில் தொட்டி விளக்கை அணைத்தார். டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து தண்ணீரின் மேல் காற்று படுகிற மாதிரி நாற்காலியில் வைத்தார். ஃப்ரிட்ஜில் இருந்த ஐஸைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, உப்புத் தண்ணீரோடு கலந்துவிடாமல் இறுக்கிக் கட்டி, ஒரே ஒரு பையைத் தொட்டியில் மிதக்கவிட்டார். எல்லா ஐஸையும் போட்டால் என்ன என்று கை பரபரத்தது. அடக்கிக்கொண்டார்.

"ஒரேடியா இறக்கினா ஜன்னி கண்டுடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறக்கணும். பொறு ராஜா, பொறு."

நீல மீனைக் கரண்டியால் அள்ளி எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். வார்டில் எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிவிட்ட கை அது. டிஷ்யூவில் சுற்றி மேசையில் வைத்தார். பிறகு ரெனால்டுக்குப் போன் போட்டார்.

"டேய், அந்த சில்லர் நின்னுடுச்சுடா."

"இன்னா சொல்றே? கரன்ட் இருக்கா?"

"இருக்கு. பெட்டி கொதிக்குது. நீ வாடா."

"சுச்ச ஆஃப் பண்ணு. ஒயரை புடுங்கிடு. இதோ கெளம்பிட்டேன்." போனை வைக்கப் போனவன் கேட்டான்: "கரோலினுக்கு சொல்லிட்டியா?"

"இல்ல. நீ மொதல்ல வா."

ரெனால்ட் வந்து சேர்வதற்குள் ஐஸ் பையை நாலு தடவை மாற்றியிருந்தார். தெர்மாமீட்டர் முப்பதுக்கு இறங்கியிருந்தது. மீன்கள் இன்னும் மேலேதான் இருந்தன, ஆனால் வாய் அவ்வளவு அவசரமாகத் திறக்கவில்லை.

எண்ணெய் படிந்த ஃபேக்டரிச் சட்டையோடு ரெனால்ட் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியைத் தூக்கினான். "பேருதாம்மா சில்லர். உள்ள பாத்தா இது சின்ன ஃப்ரிட்ஜ். தண்ணில இருக்கற சூட்டை எடுத்து பின்பக்கமா வெளிய ஊதித் தள்ளும். அவ்ளோதான் வேலை."

பின்பக்கமாக. தேவகிருபை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே தகடுகளில் தூசி படிந்திருந்தது. அதை பிரஷ்ஷால் தட்டினான். விசிறியை விரலால் சுற்றினான். சுற்றவில்லை. குனிந்து பார்த்தான். விசிறியின் தண்டில் வெள்ளை நூல், சுற்றிச் சுற்றி உருண்டையாக இறுகிப் போயிருந்தது. பிளேடால் அறுத்து, இடுக்கியால் பிடித்து இழுத்தான். வந்துகொண்டே இருந்தது.

அந்த நூலை அவனுக்குத் தெரியும். அவன் ஞானஸ்நானத் தொப்பியே அந்த நூலில் பின்னியதுதான்.

மொட்டையாக நின்ற சில்லரைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். நூல் உருண்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"தூசிம்மா" என்றான். "தகடு பூரா தூசி அடைச்சிருக்கு. வெயில் வேற ஜாஸ்தி. அதான்."

தேவகிருபைக்கு அழுகை வந்துவிட்டது. பெற்ற பிள்ளை தனக்காகப் பொய் சொல்வதைப் பார்ப்பது கொடுமை. அதுவும் இவ்வளவு சுளுவாக.

"ரெனால்ட், ஒரு மீனு செத்துடுச்சுடா."

அவன் கை நின்றது. "எது?"

"நீலம்."

மேசைமேல் இருந்த பொட்டலத்தைப் பார்த்தான். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். "பரவால்ல. அது நான் வாங்கினது."

கல்யாணமான புதிதில் கரோலினுக்காகச் சென்னைக்குப் போய், பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு கொண்டு வந்த மீன் அது. ஜோஸின் இரண்டும் இருக்கின்றன, நம்முடையது போனால் போகிறது என்று ஒரு கணவன் சொல்ல வேண்டுமென்றால் அவன் மனசில் என்னென்ன இருக்க வேண்டும்? அதைக் கேட்கிற தைரியம் தேவகிருபைக்கு இல்லை. அவன் தலைமேல் கை வைத்தார். அவன் நிமிரவில்லை. கையைத் தட்டிவிடவும் இல்லை.

விசிறி இப்போது சுற்றியது. சுவிட்சைப் போட்டான். கம்ப்ரசர் 'ம்ம்' என்று முனகிவிட்டு 'டக்' என்று நின்றது. மறுபடி போட்டான், மறுபடி 'டக்'.

"செத்துடுச்சாடா?"

"சூட்டுல ரிலே போயிருக்கும், கம்ப்ரசரை ஸ்டார்ட் பண்ற பார்ட்டு. கம்பெனிக்கு அனுப்பினா சென்னை போய் வர ஒரு மாசம். ஆனா இது ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர்தானே, ஃப்ரிட்ஜ் ரிலேவே செட் ஆவும். மெக்கானிக் யாசிர் கடை தொறந்திருக்கும். ஏசி சீசன்ல அவனுக்கு இன்னா ஞாயிறு?" கழற்றின ரிலேயைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான். வாசலில் திரும்பினான். "அம்மா, கரோலின் கேட்டா தூசின்னே சொல்லு. நானும் அதான் சொல்வேன்."

பைக் சத்தம் தெருமுனை தாண்டும்வரை தேவகிருபை நின்றார். பிறகு ஐஸ் பையை மாற்றினார். தூசி. எவ்வளவு நல்ல வார்த்தை! யாருக்கும் கஷ்டம் இல்லை. கரோலின் நம்புவாள். உறை எங்கே என்று கேட்டால் துவைக்கப் போட்டேன் என்று சொல்லலாம். ஒரு வாரத்தில் எல்லாம் மறந்துபோகும்.

ஆனால் ரெனால்ட் மறக்கமாட்டான். பெண்டாட்டியிடம் அவன் சொல்கிற முதல் பொய் அம்மாவுக்காக என்று ஆகிவிடும். அதை நினைத்ததும் தேவகிருபைக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. போனை எடுத்தார்.

"கரோலின், விழா முடிஞ்சுதாம்மா?"

பின்னால் பிரியாணிப் பந்திச் சத்தம். "முடிஞ்சுது அத்தை. சாப்பாடு போய்ட்டிருக்கு. இன்னா அத்தை, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"மெஷின் நின்னுடுச்சும்மா. நீலம் செத்துடுச்சு. அந்த ரெண்டும் இருக்கு, நான் பாத்துக்கறேன். ரெனால்ட் வந்து ரிப்பேர் பாக்கறான். நீ வா. மிச்சத்தை நேர்ல சொல்றேன்."

"வர்றேன் அத்தை" என்றாள் கரோலின்.

ரெனால்ட் திரும்பி வந்து புது ரிலேயை மாட்டியதும் பெட்டி ஒரு குலுங்கு குலுங்கி உறும ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைத் தலைவலி என்று இத்தனை நாள் திட்டியவர், "ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்றார். ரெனால்ட் பின்பக்கம் கையை நீட்டினான். வெப்பக் காற்று வந்தது. "ஊதுதும்மா!" என்று சின்னப் பையனாகச் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சு மீன்களில் பெரியது மேல்மட்டத்தை விட்டுக் கீழே போய், பாறைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றியது. சின்னது அதன் பின்னாலேயே போனது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கேட் திறக்கிற சத்தம். கரோலின் விழாவுக்குக் கட்டிய பட்டுப் புடவையோடு ஓடி வந்தாள். தொட்டி முன்னால் மண்டிபோட்டு இரண்டையும் பார்த்தாள். மேசையில் இருந்த டிஷ்யூப் பொட்டலத்தையும் பார்த்தாள். ரெனால்டின் எண்ணெய்க் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க மடியில வெச்சு கொண்டு வந்தது" என்றாள்.

ரெனால்ட் தொண்டையைச் செருமினான். "தூசி கரோலின். தகடு பூரா..."

"தூசி இல்ல" என்றார் தேவகிருபை. "கரோலின், உள்ள வா."

சமையற்கட்டில் அடுப்பைப் பார்த்தபடி நின்றார். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று தெரிந்திருந்தது. கையில், பீரோவிலிருந்து எடுத்து வந்த அந்த உறை.

"இதாலதாம்மா. நான் போட்ட உறை பொட்டியை அடைச்சிடுச்சு. இதோட நூலே உள்ள போய் சுத்திக்கிச்சு. நான் அன்னிக்கு அப்படி சொன்னது உன் காதுல விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியும். வேணும்னே பண்ணிட்டேன்னு நீ நெனச்சா நான் உன்னை ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா சத்தியமா நான் அப்படி பண்ணலம்மா."

திரும்பிப் பார்த்தார். கரோலின் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் அத்தை."

"இன்னா தெரியும்?"

"அதை மூடக் கூடாதுன்னு. நீங்க போட்ட அன்னிக்கே தெரியும். நான் பசங்களுக்கு ஹீட் பாடம் எடுக்கறவ அத்தை. தெனம் நீங்க தூங்கினதும் உறையை எடுத்துடுவேன். காலையில நீங்க எழுந்திரிக்கறதுக்குள்ள போட்டுடுவேன். பகல்ல காத்து போறதுக்கு பின்பக்கம் மட்டும் சுருட்டி மேல சொருகி வெப்பேன். இன்னிக்கும் சொருகிட்டுத்தானே போனேன்!"

தேவகிருபை நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்யோ, அதைத்தான் நான் இழுத்து விட்டு முடிச்சு போட்டேன்! ஏன்டி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வாயில இன்னாடி இருந்துச்சு உனக்கு?"

ஆறு மாதத்தில் முதல் 'டி'. இரண்டு பேருமே அதைக் கவனித்தார்கள்.

"எப்படி அத்தை சொல்லுவேன்?" முந்தானையால் மூக்கைத் துடைத்தாள் கரோலின். "இந்த வூட்ல என் சாமானுக்குன்னு நீங்க கையால செஞ்சது அது ஒண்ணுதான்."

தேவகிருபை அவளைப் பிடித்து இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். பட்டுப் புடவையும் சுங்கடிப் புடவையும் வியர்வையில் நனைந்தன. உறை இருவருக்கும் நடுவில் எங்கேயோ மாட்டிக்கொண்டது.

கரோலின்தான் முதலில் விலகினாள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தை, ஆட்டோ இன்னும் போகல."

"காசு குடுக்கலயா?"

"உள்ள ஜோஸ் அம்மா உக்காந்திருக்காங்க. விழாவுக்கு வந்திருந்தாங்க. நீங்க போன்ல சொன்னதும் என் மூஞ்சி போன போக்கைப் பாத்து கேட்டாங்க. பொய் சொல்ல முடியல. கூடவே பஸ் ஏறி வந்துட்டாங்க. இப்ப எறங்க மாட்டேங்கறாங்க. 'நான் எந்த மொறையில அந்த வூட்டுக்குள்ள வருவேன்? ரெண்டும் உசுரோட இருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லு, நான் இப்படியே திரும்பிடறேன்'னு சொல்றாங்க."

தேவகிருபை செருப்புப் போடாமலே வாசலுக்கு ஓடினார். சிமென்ட் தரை பாதத்தைச் சுட்டது. ஆட்டோவுக்குள், வெளிர்நிறப் புடவையில் ஓர் அம்மாள், மடியில் விழாவில் கொடுத்த இனிப்புப் பையைப் பிடித்தபடி, நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் வியர்வை வழிந்தது. துடைக்கவில்லை.

அக்கா என்று கூப்பிடுவதா, சம்பந்தி என்பதா, ஜோஸ் அம்மா என்பதா? தேவகிருபைக்கு ஒரு முறையும் அகப்படவில்லை. மகனைப் பறிகொடுத்த ஒருத்தி, தன் வீட்டு வாசலில் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். அது மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"ரெண்டும் நல்லா இருக்குங்க. நீங்களே வந்து பாருங்க."

அந்த அம்மாள் மெல்லத் திரும்பிப் பார்த்தார். "எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "பின்னாடி ரூம்லயா?"

"இல்லீங்க. ஹால்ல. வாசப்படி தாண்டினதும் தெரியும்."

அந்த அம்மாளின் உதடு கோணியது. இனிப்புப் பையைத் தேவகிருபையின் கையில் கொடுத்தார். பிறகு அந்தக் கையையே பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழே வைத்தார்.

உள்ளே ரெனால்ட், யார் வருகிறார்கள் என்று தெரியாமல், தொட்டிக்கு முன்னால் சிந்திக் கிடந்த தண்ணீரை மண்டிபோட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான்.